இடியன் துவக்குக்கு ஒரு மூடி மருந்து

மகன், உன் பெட்டியில் புதுச் சாறன்களுக்கும் சேர்ட்டுகளுக்கும் இடையில் இந்தக் கடிதத்தை வைக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் நீ பாலமுனைக்குப் போய்விடுவாய். வேறு ஊர்களில் பெண்பிள்ளையை அனுப்பிவிட்டு உம்மாமார் அழுவார்களாம். நம் பக்கத்தில் ஆண்பிள்ளையைத்தான் பெண் வீட்டுக்கு அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, வாசலில் அவன் செருப்பு கிடந்த இடத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம். நான் அழமாட்டேன். அழுதால் உன் வாப்பா பார்ப்பார், பார்த்தால் ஏன் என்று கேட்பார், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். நான்கு வருடம் பௌதிகம் படித்த காலத்தில் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சேர், ஜன்னலைச் சாத்தவா?" படித்து முடித்துப் பெரிய பேச்சுக்காரியாக வருவேன் என்று வீட்டார் காத்திருந்தார்கள். நான் போன மாதிரியே வந்தேன், மூக்குக் கண்ணாடி மட்டும் கூட வந்தது.

வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். மாமியார் வீட்டில் எப்படி நடக்க வேண்டும் என்ற புத்திமதிகளை உன் மாமிமாரெல்லாம் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள்: இரண்டாம் தரம் சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லாதே, "எங்கட வீட்டுல இப்பிடி இல்ல" என்று ஒருநாளும் தொடங்காதே. எல்லாம் சரியான புத்திமதிகள்தான். நான் சொல்ல வந்தது பன்றி சுடுகிற ஒரு துவக்கைப் பற்றி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனாராகப் போகிறவர், ஸுமையாவின் வாப்பா, வந்திருந்தாரே, அன்று அறைத் திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னார்: "மருமகன், உங்கட வாப்பாட கையப் பத்தி வயல் வட்டைக்காரர் இன்னும் கதைக்கிறாங்க. மட்டை போட்டுச் சுடுற மருதமுனைக்காரர் எண்டு. நம்மட்டயும் ஒரு இடியன் துவக்கு இரிக்கி. லைசன்ஸ் எல்லாம் சரி. ஆனா சுட்டா, சின்னப் புள்ள தின்ட சோறு மாதிரி ஈயச் சன்னம் நாலு பக்கமும் போகுது. பண்டி நிண்டு பாத்துச் சிரிச்சிட்டுப் போகுது."

உன் வாப்பா தாடியைத் தடவிக்கொண்டார். "அதெல்லாம் நம்மட மகன் சரிப்படுத்தித் தருவான்" என்றார்.

"அப்ப இன்ஷா அல்லாஹ், கலியாணம் முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை வட்டைக்குப் போவம். நீங்க ஒரு வெடி வெச்சுக் காட்டுங்க மருமகன். எங்கட ஆக்கள் எல்லாரையும் வரச் சொல்லியிரிக்கன்."

"ஓம் மாமா" என்று சொன்னாய். ஆனால் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த தொதல் இனிப்புத் துண்டு பாதி வழியில் கிறுகித் தட்டுக்கே திரும்பி வந்ததை நான் கண்டேன். அவர்கள் போன பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்: "வாப்பா, வெடி மருந்து எவ்வளவு போடுற?"

"மட்டைதான் மகன் விசயம். மட்டைய நான் வெட்டித் தாறன்."

"அது சரி வாப்பா. மருந்து?"

"மருந்தா? உம்மாட்டக் கேள்."

நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். நானும் சிரித்தேன். சீனிப் போத்தல் எங்கே, தன் கண்ணாடி எங்கே, தனக்கு எத்தனை வயது, எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில் அதுதானே. ஆனால் மகன், நீ உண்மையாகவே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் நான்தான்.

நீ இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது யுத்த நிறுத்தம் வந்தது. பிரச்சினைக் காலத்தில் பொலிசில் ஒப்படைத்திருந்த உன் மூத்தாப்பாவின் துவக்கு, அதாவது என் வாப்பாவின் துவக்கு, திரும்பிக் கையில் கிடைத்தது. இடியன் துவக்கு என்றால் தோட்டா போடும் துவக்கு அல்ல. குழலின் வாய் வழியே முதலில் மருந்தைக் கொட்டி, அதன் மேல் தேங்காய்த் தும்பை அடைத்து, அதற்கு மேல் ஈயச் சன்னங்களைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து, கம்பால் இடித்து இறுக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். நெல் வேளாண்மை கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்ற நேரம். பன்றி இறங்கி வயலைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டிருந்தது. என் வாப்பா சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு வட்டைக்குப் புறப்பட்டார். துவக்கைப் பரீட்சித்துப் பார்ப்பது முதல் நோக்கம். புது மருமகனையும் கூடவே பரீட்சித்துப் பார்ப்பது இரண்டாவது. கலியாணமாகி மூன்று வருடம் கழிந்தும் உன் வாப்பா அவருக்குப் புது மருமகன்தான். தறியும் சாறன் வியாபாரமுமாக வளர்ந்த மருதமுனைக்காரர், வயலில் எந்தப் பக்கம் வரம்பு என்று கேட்டவர்.

பால்மாப் பெட்டிகளைப் பிரித்து, அதில் கரியால் பன்றி வரைந்து, நடையில் முப்பது எட்டு வைத்துத் தள்ளி ஒரு மரத்தில் கட்ட வேண்டும் என்று முடிவானது. வரைந்தவர் வட்டை விதானையார், வட்டையில் தண்ணீர் முறை பார்க்கிற மனிதர். இரண்டு கோடு போட்டதுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பண்டிய வரையிறது பாவமில்லையா ஹாஜியார்?" என்று உன் மூத்தாப்பாவைக் கேட்டார்.

"காத வரையாம விடுங்க விதான. காதில்லாட்டிப் பண்டியில்ல."

ஆகவே காதில்லாத பன்றி ஒன்று மரத்தில் ஏறியது. அது மாடா, பானையா என்று சொல்ல முடியாமல் இருந்தது. உன் மூத்தாப்பா உள்ளங்கைக் குழி நிறைய மருந்தை அள்ளிப் போட்டார். "மருந்து கூடினாத்தான் சன்னம் ஒண்டா ஓடும்" என்றார். வெடி வைத்தார். வட்டையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. சத்தத்தைக் கேட்டு எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். போய்ப் பார்த்தால், பன்றியைச் சுற்றி அதன் உருவத்தைப் புள்ளி வைத்துக் காட்டியதுபோலச் சன்னங்கள் விழுந்திருந்தன. உள்ளே ஒன்றுகூட இல்லை. "துவக்கு கன நாள் சும்மா கிடந்த. பழக வேணும்" என்றார் மூத்தாப்பா. மரத்தில் புதுப் பன்றி மட்டை கட்டினார்கள். அடுத்த வெடி மருமகனுக்கு.

அதே உள்ளங்கை, அதே குழி, மரியாதைக்காக இன்னும் ஒரு சிட்டிகை. உன் வாப்பா வெடி வைத்தார். வைத்ததும் பின்பக்கமாக வாய்க்காலுக்குள் உட்கார்ந்தார். மரத்திலிருந்து ஐந்து எட்டுத் தள்ளி அடுப்பு மூட்டியிருந்தோம். அங்கே மனிதர் யாரும் இருக்கவில்லை. கேத்தல் இருந்தது. கேத்தலின் வயிற்றிலிருந்து தேத்தண்ணி மெல்லிய கோடாக ஒழுகத் தொடங்கியதும், விதானையார் கோப்பையைக் கொண்டுபோய் நீட்டி, "மருமகன் நமக்குப் பைப் வெச்சுத் தந்திரிக்காரு" என்றார். உன் மூத்தாப்பா அதைவிட ஒரு படி மேலே போனார். "மருதமுனைக்காரருக்குத் தறி நாடாவ விட்டா வேற ஒண்டும் நேரா எறியத் தெரியா."

மூன்றாவது வெடியும் நடந்தது. அதைத்தான் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வாய்க்காலிலிருந்து எழும்பிய மனிதர், நனைந்த சாறனோடு, மரத்தில் மூன்றாவது மட்டையைக் கட்டிவிட்டு, இன்னுமொரு தரம் என்று கேட்டார். போத்தலின் அடியில் மருந்து கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதைத் தட்டிக் கொட்டிச் சுட்டார். சத்தம் மிகச் சின்னது. "இதென்ன பட்டாசா" என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் சோற்றுக்குப் போய்விட்டார்கள். மட்டையை யாரும் போய்ப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் வெடியை அளந்தார்கள். அடுப்பெரிக்க உதவும் என்று சொல்லி மூன்று மட்டைகளையும் எடுத்து வந்தவள் நான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டைகளை எண்ணினேன். மூன்றாவது மட்டையில் சன்னங்கள் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குள் ஒன்றாக விழுந்திருந்தன. இடம் சற்று மேலே, பன்றிக்குக் காது இருந்திருந்தால் காதிருக்கும் இடம். ஆனால் எல்லாம் ஒன்றாக.

காரணம் எனக்குப் புரிந்தது. மருந்து கூடினால் சத்தம் கூடும், தோளுக்கு அடி கூடும், சன்னத்துக்கு ஒழுங்கு கூடாது. ஈயம் மிருதுவான சாமான். பின்னாலிருந்து பெரிய தள்ளு வந்தால் ஒன்றையொன்று நசுக்கி உருக்குலைந்து போகும். உருக்குலைந்த சன்னம் நேரே போகாது. பள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலால் பாய்ந்தால் என்ன நடக்கிறது? ஆளுக்கொரு பக்கம் சிதறி, ஒருவன் செருப்பு இன்னொருவன் காலில் போகிறது. ஆறுதலாக வந்தால் எல்லோரும் ஒன்றாகவே தெருவுக்கு வரலாம். அவ்வளவுதான் விசயம். இதை அன்றைக்கே, சோறு தின்னும் இடத்தில், வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே என் வாப்பா இருந்தார், விதானையார் இருந்தார், ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உனக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் கடைத்தெருவில் உன் வாப்பாவுக்கு 'கேத்தல் மாப்பிள்ளை' என்று பெயர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் சாறன்களை மடித்துப் பைக்குள் வைப்பதைக் கண்டேன்.

"புள்ள, நான் ஒள்ள நாளைக்கு உம்மாட்டப் போய் இரிக்கப் போறன்."

"என்னத்துக்கு?"

"கேத்தல் வாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. பெண் வீட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை பையோடு தன் உம்மா வீட்டுக்குப் போனால் நம் ஊரில் என்னவெல்லாம் கதைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். சாறன் பெட்டியை மட்டும் அவர் முன்னால் எடுத்து வைத்தேன், அடுக்குவதற்கு. அவர் அந்தப் பெட்டி மட்டையை விரலால் மடித்து மடித்துப் பார்த்தார். பிறகு பையை மறந்துவிட்டார். "இந்தத் தும்புதான் புள்ள பிழ. தறியில பாவு தளந்தா துணி நிக்குமா? குழாயில இறுக்கமா நிக்கிற மாதிரி மட்டை வேணும்" என்றார். ஓர் இரும்புக் குழாய்த் துண்டின் விளிம்பைத் தீட்டி, அதால் சாறன் பெட்டியில் வட்ட வட்டமாக வெட்டத் தொடங்கினார். மருந்துக்கு மேல் தடித்த மட்டை, சன்னத்துக்கு மேல் மெல்லிய மட்டை. மகன், அது நல்ல யோசனை. பாதி சரி. பாதி சரியாகிவிட்ட சந்தோஷத்தில் பையை அவிழ்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதரிடம் மற்றப் பாதியைப் போய் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. செய்தேன். "வட்டையில காத்துக்கு மருந்து பறக்கும். பொட்டலமாக் கட்டித் தரவா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சம்மதித்தார். அப்போது உனக்கு இருமல். இருமல் மருந்துப் போத்தலுக்கு மேலே அளந்து ஊற்றுகிற சின்ன மூடி இருந்தது, ஒரு தேக்கரண்டி கொள்ளும். அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, குசினி அடுப்புக்கு மிகத் தூரத்தில் உட்கார்ந்து, மூடி மட்டத்துக்கு மருந்து அளந்து பொட்டலம் கட்டினேன். பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரிகை மூன்று சுற்று. சன்னத்துக்கும் அதே மூடி. அந்தக் கிழமை முழுவதும் உனக்கு இருமல் மருந்தைக் கரண்டியில் தந்தேன், பாதி உன் கழுத்தில் ஒழுகியது. அதற்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறு சனிக்கிழமை உன் வாப்பா வெடி வைத்தபோது சத்தம் சின்னதாகத்தான் வந்தது. "மருந்து நனைஞ்சிட்டா?" என்று உன் மூத்தாப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் வாப்பாவின் கழுத்து சிவந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கையிலிருந்த உன்னை இறக்கிவிட்டேன், நீ நேரே பன்றி மட்டையை நோக்கி ஓடினாய். உன்னைப் பிடிக்க விதானையார் ஓடினார். ஓடியவர் மட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஹாஜியார்."

"என்ன விதான?"

"பண்டி மவுத்தாப் போயிட்டு."

கேத்தல் மாப்பிள்ளை என்ற பெயர் அன்றைக்கே செத்தது. உன் மூத்தாப்பா தன் கையாலேயே மருமகனுக்குச் சோறு போட்டார். "என்ன செஞ்சீங்க மருமகன்?" என்று கேட்டார். "மட்டை, மாமா. எல்லாம் மட்டைதான்" என்றார் உன் வாப்பா. இருபத்துமூன்று வருடமாக அதையேதான் சொல்கிறார். ஒவ்வொரு போகத்துக்கும் பொட்டலம் கட்டுகிறவள் நான். இடைக்கிடை யாராவது வந்து மட்டை வாங்கிப் போவார்கள். தங்கள் உள்ளங்கை அளவிலேயே மருந்தைப் போட்டுவிட்டு வந்து, "எங்களுக்குச் சரிவருகுதில்லையே" என்பார்கள். "கை சரியா இரிக்க வேணும்" என்பார் உன் வாப்பா. நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவும் சிரிப்புக்கதை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல. உனக்குப் பதினாறு வயதில், நான் விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்த கிழமையில், வாப்பா உன்னை வட்டைக்குக் கூட்டிப்போனார். பொட்டலம் முடிந்திருந்தது. போத்தலிலிருந்து நேரே கைநிறையப் போட்டுத் தந்தார், மட்டையும் வைத்துத் தந்தார். நீ நாலு வெடி வைத்தாய். நாலும் சிதறின. நான் திரும்பி வந்தபோது உன் தோள் நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் பூசும்போது சொன்னாய்: "எனக்குக் கை சரியில்ல உம்மா. வாப்பாட கை எனக்கு வரல்ல." எனக்குக் காரணம் தெரியும் மகன். அந்த இடத்திலேயே தெரியும். சொன்னால் உன் வாப்பாவின் பெயர் போகும் என்று நினைத்து, எண்ணெயைத்தான் இன்னும் கொஞ்சம் பூசினேன். அதற்குப் பிறகு நீ துவக்கைத் தொடவில்லை. துவக்கைத் தொடாதது நட்டமில்லை. ஆனால் கை சரியில்லை என்பதை நீ கிரிக்கட்டுக்கும் கொண்டுபோனாய், மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுபோனாய், போன ஞாயிறு தொதல் தட்டுவரைக்கும் கொண்டுவந்தாய். உன் கையில் ஒரு பிழையும் இல்லை. பிழை மருந்தில். அதைவிடப் பெரிய பிழை என் வாயில்.

ஆகவே சனிக்கிழமை இப்படிச் செய். முதலில், யார் என்ன சொன்னாலும், துவக்கு வெறுமையா என்று நீயே பார். வெறும் குழலுக்குள் கம்பு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டு. நூல் வெளியே நின்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது. நூல் யோசனை உன் வாப்பாவுடையது, முழுக்கச் சரி. மருந்து ஒரு மூடி மட்டம். கும்பாரமாக அல்ல, விரலால் வழித்த மட்டம். மாமா உள்ளங்கையோடு வருவார், "மாமா, உங்கட கைக்குக் கரி பிடிக்கும், நான் போடுறன்" என்று மரியாதையாகச் சொல்லு. தடித்த மட்டையை வைத்து நன்றாக இறுக்கு. சன்னமும் அதே மூடி. மேலே மெல்லிய மட்டை, அது சன்னம் கொட்டாமல் பிடித்தால் போதும். இலக்குக்குப் பின்னால் வெறும் மண்மேடு இருக்கட்டும். கேத்தல் இருக்கக் கூடாது. அப்படியும் சன்னம் அகன்று விழுந்தால் மருந்தைக் கூட்டாதே, ஐந்து எட்டு முன்னால் போ. சத்தம் சின்னதாக வரும். பாலமுனைக்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பிப் பார்க்காதே. கழுத்துச் சிவந்தால் சிவக்கட்டும். யாராவது ஒருவர் இலக்கு மட்டைவரைக்கும் நடந்து போகும்வரை நீ அசையாமல் நில்.

மாமா இரகசியம் கேட்டால் "வாப்பாட மட்டை" என்று சொல்லு, அது பொய்யில்லை. மற்றப் பாதியை ஸுமையாவிடம் சொல்லு. அன்றைக்கே சொல்லு. அவளுக்கும் உன்னிடம் சொல்ல முடியாத ஏதாவது ஒன்று வரும். அப்படி வந்தால், முகத்தைப் பார்க்காமல் சொல்லவாவது இடம் கொடு. நான் வெட்கத்தில் மூடி வைத்ததை எல்லோரும் பொறுமை என்று சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மேசையில் உன் வாப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகப் போகிறேன். அவர் வாசித்தால் வாசிக்கட்டும். கலியாணமான இருபத்தாறு வருடத்தில் நான் அவரோடு கதைத்த கதைகளில் இதுதான் நீளமானது.

பின்குறிப்பு: பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூடியை உள்ளே வைப்பதற்காகக் கவரைத் திறந்தேன் மகன். 'மருந்து ஒரு மூடி மட்டம்' என்று நான் எழுதிய இடத்தில், சாறனுக்கு அடையாளம் போடுகிற நீலப் பென்சிலால் 'ஒரு மூடி' வெட்டப்பட்டு, மேலே 'முக்கால் மூடி' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஒரு மூடி கூடிப்போகும். இவ விடைத்தாள் திருத்தப் போய் வந்த கிழம, உன்ட வெடி ஏன் சிதறின எண்டு பொட்டலத்த அவுத்துப் பாத்தன். அதுக்குப் பிறகு கட்டித் தாற எல்லாத்துலயும் கால்வாசியக் கொட்டிப்போட்டுத்தான் போடுற." நீ 'எனக்குக் கை சரியில்ல' என்று சொன்ன வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, "எனக்கும் வாய் வரல்ல மகன்" என்று எழுதியிருக்கிறார்.

நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உனக்கு மட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார், நூறு வெடிக்குப் போதும்போல. கழுத்து சிவந்திருக்கிறது. கவரை ஒட்டிவிட்டேன். முக்கால் மூடியே போடு.